தஞ்சாவூர் மாமா

வேலை தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. தென்னூரில் ஒரு மாடி அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பாதி நேரம் சுற்றாத ஒரு மின்விசிறி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக நடக்கும் ஒரு சின்ன அமைப்பின் அலுவலகம் அது. அங்கே வருகிறவர்களுக்கு வேலை வேண்டும். கிடைத்த வேலையில் தங்க வேண்டும். தங்குவதற்கு மனசு தேற வேண்டும். மனசு தேறுவதற்கு வேலை வேண்டும். இந்தச் சுற்றில் எந்த இடத்தில் கையை வைத்து நிறுத்துவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்கும் எச்.ஐ.வி. உண்டு. என் வீட்டுக்காரர் இறந்தபோது தெரிந்தது. அதனால் என்னிடம் வருகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வாயைத் திறப்பார்கள். இந்த வேலைக்கு எனக்கு இருக்கும் படிப்பு அது ஒன்றுதான்.

இப்போதெல்லாம் மாத்திரையால் தொல்லை இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று. ஒழுங்காகப் போட்டால் எல்லாரையும் போலக் கிழடாகிச் சாகலாம். ஆளைக் கொல்வது லீவுதான். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் நாள் வேலை நாளாகத்தான் இருக்கும். முதல் தடவை லீவு கேட்டால் முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். மூன்றாவது தடவை, "அப்படி என்னதான் உடம்புக்கு?" என்பார். எச்.ஐ.வி.யைக் காரணமாகச் சொல்லி யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் சுவரில் அழகான போஸ்டர்கூட இருக்கிறது. ஆனால் யாரும் அந்தக் காரணத்தைச் சொல்லி அனுப்புவதில்லையே. "இப்ப வேலை கம்மியா இருக்கு, அப்புறம் கூப்பிடறோம்" என்றுதான் அனுப்புகிறார்கள். அதற்கு யாரும் போஸ்டர் அடிக்கவில்லை.

ஆகவே நான் கதை கட்டிக் கொடுப்பேன். ஆளுக்கு ஒரு வியாதி. இதில் எனக்கு நல்ல கை என்று எங்கள் அலுவலகத்தில் பேர். கதை நன்றாக இருக்கக் கூடாது. கேட்கிறவருக்குக் கொட்டாவி வர வேண்டும். சிறுநீரகக் கல் என்று சொன்னால் ஊரே வாழைத்தண்டோடு வந்து நிற்கும். சுகர் என்றால், "எனக்கு முந்நூறு, உனக்கு எவ்வளவு?" என்று கணக்கு கேட்பார்கள். வலிப்பு என்று ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நான் பட்ட பாடு போதும். அவர் கொஞ்சம் கண்ணை மூடினால்கூடக் கையில் சாவியைத் திணித்தார்கள். தைராய்டுதான் உத்தமம். எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அப்படி ஒரு கட்டிங் மாஸ்டருக்கு நான் கட்டிக் கொடுத்த கதை இது: "தைராய்டுங்க. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில எங்க ஒண்ணுவிட்ட மாமா கம்பவுண்டரா இருக்காரு. அவரு டூட்டியில இருக்கறப்ப போனாத்தான் வரிசையில நிக்காம மாத்திரை வாங்கலாம்." அவருக்குத் தஞ்சாவூரில் மாமாவும் இல்லை, மச்சானும் இல்லை. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குவதில்லை. தெரிந்த முகம் எதிரே வந்துவிடும் என்ற பயம். அவர் போவது புதுக்கோட்டைக்கு. தஞ்சாவூர் என்று சொன்னது, சந்தேகப்பட்டு யாராவது விசாரிக்கப் போனால்கூட ஆள் அகப்படாமல் இருப்பதற்கு.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜீயபுரம் பக்கம் வீடு. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு மாமி நடத்துகிறார். ஏழெட்டு மெஷின்கள், ஒரு கட்டிங் மேஜை. "ஆள் தேவை" என்று போர்டு மாட்டியிருந்ததைப் பார்த்து அவரை அனுப்பினேன். நான் கூடப் போக மாட்டேன். என் முகம் ஒரு இடத்தில் தெரிந்துவிட்டால் அடுத்த ஆளை அங்கே அனுப்ப முடியாது. தானாகப் போய் நின்று, தானாகச் சேர்ந்தார். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. எங்களிடம் ஒரு படிவம் உண்டு: கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் வரவில்லை, எத்தனை நாள் வாழப் பிடிக்கவில்லை என்றெல்லாம் கேட்கும். அதில் அவர், "ஒரு நாளும் இல்லை, ஒரு நாளும் இல்லை" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். அவர் வந்துபோகும் நாளில் எனக்கே தெம்பாக இருக்கும்.

பிறகு ஒரு பெண் வந்தாள். லால்குடியிலிருந்து ரயிலில் வருவாள். முப்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்திருந்தாள். மாத்திரைக்காக ஆஸ்பத்திரியில் கொடுக்கும் புத்தகம் பையிலிருந்து விழ, அந்த வீட்டு அம்மா எடுத்துப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் வர வேண்டாம் என்றதோடு விடவில்லை. அவள் புழங்கிய பாத்திரங்களையெல்லாம் அவள் கண்ணெதிரே வாசலில் போட்டார்கள். அதற்குப் பிறகு நாலு மாதம் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மாத்திரையையும் விட்டுவிட்டாள். "எதுக்குக்கா போடணும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பெரிய பிள்ளைதான் சோறு வடித்திருக்கிறது.

அவளை மறுபடி மாத்திரை போட வைக்க எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. மனநல மருத்துவரிடம் நான்தான் கூட்டிப் போனேன். அவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, வேலை ஒன்று இருந்தால் இந்தப் பெண் எழுந்துவிடுவாள் என்றார். என்னிடமே சொன்னார்.

அவளுக்குக் காஜா எடுக்கத் தெரியும், பட்டன் கட்டத் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். மாமி மறுபடியும் போர்டு மாட்டியிருந்தார். எங்கள் ஆள் இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்த இடம், அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று அனுப்பினேன். அதுவரை சரி. லீவுக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். அன்று எனக்குக் காய்ச்சல். வாசலில் இன்னும் நாலு பேர். இரண்டு வருஷம் ஓடித் தேறிய கதை ஒன்று நாக்கு நுனியிலேயே இருந்தது. "தைராய்டுன்னு சொல்லு. தஞ்சாவூர்ல ஒண்ணுவிட்ட மாமா கம்பவுண்டரா இருக்காருன்னு சொல்லு" என்றேன். அவள் மாத்திரை வாங்கப் போகும் ஊர் பெரம்பலூர். இரண்டு தரம் சொல்லிக் காட்டச் சொன்னேன். அழகாக ஒப்பித்தாள். ஒரே இடத்தில் இரண்டு பேருக்கு அதே மாமா! நான் என்ன மயக்கத்தில் இருந்தேனோ, இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

முதல் மாதம் அவள் வேறு ஆளாக இருந்தாள். ரயிலில் ஜன்னலோரம் சீட்டு பிடித்த கதையைச் சொன்னாள். அங்கே ஒரு கட்டிங் மாஸ்டர் ரொம்ப நல்லவர், காஜா பிசகினால் திட்டாமல் சொல்லிக் கொடுக்கிறார் என்றாள். நான் ஒன்றுமே தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டேன். ஒருவருடைய விஷயத்தை இன்னொருவரிடம் மூச்சுவிடக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் விதி. மற்ற விதிகளை நான் அப்படி இப்படி வளைத்திருக்கிறேன். இதில் மட்டும் கை வைத்ததில்லை.

இரண்டாம் மாதம் முகம் செத்து வந்து உட்கார்ந்தாள்.

"நான் நின்னுக்கறேன்கா."

"என்னம்மா ஆச்சு?"

"மாமிகிட்ட லீவு கேட்டேன். நீங்க சொன்னபடியேதான் சொன்னேன். அந்த மாஸ்டரு துணி வெட்டிக்கிட்டு இருந்தவரு கத்திரிக்கோலை அப்படியே வச்சுட்டு என்னையே பாத்தாருக்கா. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிலேருந்து என்கூடப் பேசறதில்ல. டீ வந்தா எழுந்து வெளியில போயிடறாரு. எங்க எல்லாருக்கும் ஒரே தண்ணிக் குடந்தான். இப்ப அவரு வீட்டுலேருந்து பாட்டில் கொண்டாறாரு. அந்த வீட்டுல பாத்திரத்தைத் தூக்கிப் போட்டாங்களே, அதேதான்கா இதுவும்."

பாட்டில் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் முந்தின நாள்தான் வந்து இப்படிக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எங்க கம்பெனிக்கு யாரையாச்சும் அனுப்பிச்சிருக்கீங்களா?"

"இல்லையே" என்றேன்.

"அந்தப் புதுப் பொண்ணுக்கும் தஞ்சாவூர்ல மாமா இருக்காருங்க. கம்பவுண்டருதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் சொன்னதை மாமி மறந்திருப்பாங்க. ஆனா என்னிக்காவது ஒருநாள் ஞாபகம் வந்துச்சுன்னா? ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சா ரெண்டு பேரைப் பத்தியும் தெரிஞ்ச மாதிரிதான். அந்தப் பொண்ணோட சேந்து நிக்கவே பயமா இருக்கு. டீக்கடைக்குப் போயிடறேன். தண்ணிகூட அந்தப் பக்கம் போய் எடுக்கறதில்ல."

இரண்டு பேரும் இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் ஒரே குடத்தில் தண்ணீர் குடிப்பார்கள். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சுற்றி வளைத்துப் பார்த்தேன். "உங்களைப் பத்தி ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லலாமா? நம்மள மாதிரி ஒருத்தர்தான்" என்று அவரிடம் கேட்டேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம் மேடம். இப்பப் போயா?" அவளிடம், "அந்த மாஸ்டர் அப்படிப்பட்டவரா இருக்க மாட்டாரும்மா" என்றேன். "உங்களுக்கு அவரைத் தெரியுமா?" என்று சட்டென்று கேட்டாள். "தெரியாது, சும்மா சொன்னேன்" என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். சும்மா சொல்வதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

அவளுடைய படிவத்தைப் பார்த்தால் பகீரென்றது. தூக்கம் வரவில்லை: தினமும். தான் வேண்டாதவள் என்று தோன்றுவது: தினமும். மாத்திரை? "ரெண்டு மூணு நாள் விட்டுப்போச்சுக்கா." இந்த வேலையும் போனால் அவள் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். இந்தத் தடவை எழுப்ப முடியுமா என்பது எனக்குத் தெரியாது. "இந்த மாசம் முடியட்டும், அப்புறம் பேசுவோம்" என்று கெஞ்சி அனுப்பினேன்.

அதற்கப்புறம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நிலைமையைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு பிளவுஸ் துணியை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன்.

"வாங்கோ, உக்காருங்கோ" என்றார் மாமி. "நாங்க யூனிபார்ம்தான் தைக்கறோம். ஆனாலும் தேடி வந்துட்டேள், எப்படி வேண்டாம்னு சொல்றது? ஏம்மா, இவாளுக்கு அளவு எடு."

அவள்தான் இன்ச் டேப்போடு வந்தாள். என்னை முன்பின் பார்த்திராதவள் போல நின்றாள். அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கட்டிங் மேஜையில் அவர் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை நிமிர்ந்தார், அவரும் என்னைத் தெரியாதவராகக் குனிந்துகொண்டார். அந்தச் சின்னக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே வியாதி, தினமும் ஒரே மாத்திரை. மூன்று பேரும் அந்நியர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. அவள் என் தோளில் டேப்பை வைத்தபோது விரல்கள் ஐஸாக இருந்தன, வெடவெடவென்று நடுங்கின. அளவைச் சொன்னபோது குரல் எழும்பவில்லை. மாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உடம்பு சரியில்லையாடீ? தைராய்டு இருக்கறவாளுக்கு இப்படித்தான் படபடன்னு வரும்" என்றார்.

மேஜைப் பக்கம் சாக்பீஸ் ஒடிந்த சத்தம் கேட்டது.

இரண்டு நாள் கழித்து அவர் தென்னூருக்கு வந்தார். உட்காரவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மேடம். சொல்லவும் மாட்டீங்க. நீங்க வந்தப்ப அந்தப் பொண்ணு கை நடுங்கினதைப் பாத்தேன். உங்களைத் தெரியாத ஆளுக்கு எதுக்குக் கை நடுங்கணும்? போதும், எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் நின்னுக்கலாம்னு இருக்கேன்."

"நீங்க ஏன் நிக்கணும்?" எனக்கு ஆத்திரம் வந்தது. "இவ்வளவு தெரிஞ்சிருக்கு. நேரா போய் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சு போயிடும்?" அவளும் எங்கள் ஆள்தான் என்று நானே ஒப்புக்கொண்டது வாய் திறந்த பிறகுதான் உறைத்தது. அவர் அதைக் கவனிக்காதது போல இருந்தார்.

"பேசலாம். நாளைக்கே அவங்க யார்கிட்டயாவது வாய் தவறிச் சொன்னா? பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் யார்கிட்ட வேணாலும் சொல்றேன். தைராய்டு தைராய்டுன்னு மாமி பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு இடத்துல ஒரு மாமாதான் இருக்க முடியும். அந்தப் பொண்ணுக்கு வேற வேலை கிடைக்கிறது கஷ்டம். எனக்குக் கையில தொழில் இருக்கு."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பெரிய மனசுன்னெல்லாம் நினைச்சுக்காதீங்க" என்றார். "பயந்தான்."

கண் சரியாகத் தெரியவில்லை, கோடு தப்புகிறது என்று மாமியிடம் சொல்லி நின்றுகொண்டார். அந்தக் கதையை அவரே கட்டிக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை.

கையில் தொழில் இருந்தது, ஆனால் உடனே வேலை கிடைக்கவில்லை. யூனிபார்ம் சீசன் முடிந்திருந்தது. கண் சரியில்லாமல் நின்றவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய் நின்றது. கத்திரிக்கோல் பிடிக்கிறவருக்கு இதைவிடக் கெட்ட பேர் இல்லை. வாரம் ஒருமுறை வருவார். நான் நாலு இடத்துக்குப் போன் போடுவேன். படிவத்தை எடுத்தால், "அது எதுக்கு மேடம்" என்று நகர்த்தி வைத்துவிடுவார். வீட்டில் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கிறார்களாம். போகும்போது மட்டும் கதவருகே நின்று, "அந்தப் பொண்ணு வேலையில நிக்குதுங்களா?" என்று கேட்பார். எந்தப் பெண் என்று நான் திருப்பிக் கேட்பேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போவார்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் வந்தாள். தலையில் பூ, கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

"அக்கா, அந்தாளு போயிட்டாருக்கா! அவரா நின்னுக்கிட்டாரு. நான் சக்கரத்தாழ்வாருக்கு வேண்டிக்கிட்டேன், இந்த மனுசன் என் கண்ணு முன்னாடி இல்லாம போகணும்னு. வாராவாரம் சுத்தி நெய் விளக்கு போட்டேன். இன்னிக்குத்தான் வேண்டுதலை முடிச்சேன். சர்க்கரைப் பொங்கல், நீங்கதான் மொதல்ல சாப்பிடணும்."

டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். ஒரு நாள்கூட மாத்திரை விடவில்லை என்றாள். மாமி அவளை வெட்டுகிற மேஜைக்கு மாற்றிச் சொல்லிக் கொடுக்கிறாராம். ரயிலில் தூங்கிப்போய் ஸ்டேஷனைத் தவற விட்டதைச் சொல்லிச் சிரித்தாள். தூங்குகிறாள்! இதற்காகத்தானே இத்தனையும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

"அவரை மாதிரி ஆளுக்கெல்லாம் நம்ம வலி எப்படிக்கா புரியும்? அவருக்கே இது வந்தாத்தான் தெரியும்."

"அப்படிச் சொல்லாத!" என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்த யாரையும் நான் அதட்டியதில்லை. அவள் மிரண்டு போனாள்.

"தப்புதான்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எதிரிக்குக்கூட வரக் கூடாது. அந்த மனுசன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்." டப்பாவை அடுத்த தடவை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி ரயிலுக்குக் கிளம்பினாள்.

பன்னிரண்டு மணிக்கு அவர் வந்தார். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்வதில்லை, அந்த ஒன்றிலாவது நான் கவனமாக இருந்தேன். லால்குடிப் பக்கம் ஒரு டெய்லர் கடையில் கேட்டுப் பார்த்ததாகவும், அடுத்த மாதம் சொல்கிறார்கள் என்றும் சொன்னேன். இரண்டு பேருக்குமே அதில் நம்பிக்கை இல்லை. சட்டைக் காலர் அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டேன். சுவரில் இருந்த போஸ்டரைப் படிப்பவர் போலத் திரும்பிக்கொண்டார். மீதிப் பொங்கலை ஒரு தட்டில் வைத்து நகர்த்தினேன்.

"எந்தக் கோயில்ங்க?"

"ஸ்ரீரங்கம்."

கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, கதவருகே போய் வழக்கம்போல நின்றார்.

"அந்தப் பொண்ணு நிக்குதுங்களா?"

"நிக்குது" என்றேன். "நல்லா இருக்கு. ராத்திரி தூங்குது."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.